இங்கே நாலு நல்ல வரி எழுதவும்

நான் அழுத்த நினைத்தது 'பார்வையிடு'. அழுத்தியது 'வெளியிடு'. இரண்டு பொத்தான்களும் ஒட்டிப் பிறந்தவை போல அடுத்தடுத்து இருந்தன. என் விரலில் வெங்காய பஜ்ஜியின் எண்ணெய் இருந்தது. எதை அழுத்தினேன் என்பதே தெரியாமல் நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.

நான் வேலை பார்க்கும் இணையதளத்தின் பெயர் 'கதவைச்சாத்து'. எந்தச் செய்திச் செயலியை நம்பலாம், எதைப் பார்த்தால் ஓட வேண்டும் என்று பொதுமக்களுக்கு ஆலோசனை சொல்வது எங்கள் தொழில். மற்றவர்கள் நட்சத்திரம் கொடுப்பார்கள், நாங்கள் பூட்டு கொடுப்போம். ஒரு பூட்டு வாங்கிய செயலியில் பேசுவது கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் மைக் பிடித்துப் பேசுவதற்குச் சமம். ஐந்து பூட்டு வாங்கியதில் உங்கள் மாமியாரைப் பற்றியே பேசலாம்.

அன்று நான் செய்துகொண்டிருந்தது, இந்த ஆண்டின் சிறந்த செயலிகளுக்கான பக்கத்தின் மாதிரி வடிவம். ஐந்து பூட்டும் ஒரே வரியில் அடங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு செயலியின் பெயர் வேண்டும். சோதித்துப் பாருங்கள் என்று செயலி நிறுவனங்கள் அனுப்பி, என் மின்னஞ்சலில் திறக்காமல் கிடந்தவற்றில் முதலாவதாக 'மூட்டம்' என்று ஒன்று இருந்தது. அதை முதலிடத்தில் போட்டு ஐந்து பூட்டுகளையும் மாட்டினேன். 'ஏன் பரிந்துரைக்கிறோம்?' என்ற தலைப்பின் கீழே, பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்று, 'இங்கே நாலு நல்ல வரி எழுதவும்' என்று தட்டிவைத்தேன்.

டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் பக்கம் உலகத்தின் பார்வைக்குப் போயிருந்தது. பதறி மற்ற ஆலோசனைத் தளங்களைத் திறந்தேன். எல்லாவற்றிலும் மூட்டம் முதலிடத்தில் இருந்தது. ஒரு தளம் 'நிபுணர்கள் இச்செயலி குறித்து நான்கு நல்ல வரிகளை எழுதியுள்ளனர்' என்றது. இன்னொன்று, 'நல்ல விஷயங்களை எழுத ஏற்ற இடம் இதுவே' என்று என் குறிப்பைத் தத்துவமாகவே மாற்றிவிட்டது. மூன்றாவது தளம் இரண்டாவதை ஆதாரம் காட்டியது, இரண்டாவது முதலாவதை. முதலாவதன் அடிக்குறிப்பில் எங்கள் பெயர் இருந்தது.

எங்கள் ஆசிரியர் விசாலாட்சி மேடத்திடம் ஓடினேன்.

"மேடம், ஒரு சின்ன தப்பு நடந்துடுச்சு."

"பாத்தேன் ரங்கம். வாசகர் எண்ணிக்கை மூணு மடங்கு. இன்னொரு தடவை பண்ண முடியுமா?"

"அந்தச் செயலியை நான் திறந்துகூடப் பாக்கல மேடம். எடுத்துடட்டுமா?"

"என்னன்னு சொல்லி எடுப்ப?"

"சோதிக்காம போட்டுட்டோம்னு."

"அப்ப மத்ததெல்லாம் சோதிச்சுப் போட்டதான்னு கேப்பாங்க." சற்று யோசித்தார். "சோதிச்சுதான் போட்டமா?"

"சிலதை."

"அப்ப இதை விடு."

"இப்பவாவது சோதிச்சுப் பாக்கலாமே மேடம்?"

"பாத்து, நல்லா இல்லேன்னா?"

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "இதை வெளியில வாயைத் திறந்து சொல்லாத. லிஃப்ட்டு கிஃப்ட்டுல சொல்லித் தொலைச்சே, மறுநாள் நீ இங்க இல்ல. புரியுதா?"

லிஃப்டை ஏன் சொன்னார் என்பதை விளக்க வேண்டும். இப்போது எல்லாப் பொருளுக்கும் காது முளைத்துவிட்டது. தெருவிளக்கு கேட்கிறது, பேருந்து இருக்கை கேட்கிறது. என் வீட்டு மின்விசிறியே கேட்கிறது; கால்வாசி விலைக் குறைப்புக்காக நானே சம்மதம் கொடுத்து வாங்கியது. (ஆம், மறைவைப் பற்றி ஊருக்கு ஆலோசனை சொல்பவன்தான். கோடை கடுமையாக இருந்தது.) ஆனால் காதுகளிலேயே கூர்மையானது லிஃப்டின் காது. காதில் விழுந்த பேச்சை உடனே, விலைக்குக் கேட்பவர்களுக்கெல்லாம் விற்றுவிடும். கீழ்த்தளத்தில் ஏறி "நெஞ்சு லேசா அடைக்குது" என்று சொன்னவருக்கு மூன்றாவது மாடி வருவதற்குள் காப்பீட்டுக் கட்டணம் ஏறியிருக்கிறது. கூடவே லிஃப்டின் திரையில் வாயுத் தொல்லைக்கான லேகியமும் வரும்.

அதனால் எங்கள் ஆதம்பாக்கம் அடுக்ககத்தில் யாரும் முக்கியமான எதையும் வாய்விட்டுப் பேசுவதில்லை. லிஃப்டில் புன்னகைப்போம். ஒருமுறை நான் "மழை வரும்போல" என்று சொல்லிவிட்டேன். குடை விளம்பரம் ஒரு வாரம் துரத்தியது. எதுவானாலும் செயலியில்தான். எந்தச் செயலி என்பதில்தான் சண்டை. அந்தச் சண்டையை, குடியிருப்போர் சங்கச் செயலாளர் கோதண்டம் சார் ஒரே அறிவிப்பில் முடித்துவைத்தார்: 'கதவைச்சாத்து தளம் ஐந்து பூட்டு கொடுத்துள்ள மூட்டம் செயலியையே இனி அனைவரும் பயன்படுத்த வேண்டும். அத்தளத்தின் நிபுணர் நம் இரண்டாவது மாடியிலேயே வசிப்பது நமக்குப் பெருமை.'

ஆறாவது மாடியில் வசித்த பியூலாவும் அதைப் பார்த்துத்தான் மூட்டத்துக்கு வந்தார்.

பியூலா நாகர்கோவில்காரர். கிண்டியில் ஒரு மருத்துவமனையில் காது பரிசோதிக்கும் வேலை. என் வலது காது அடைத்துக்கொண்டபோது அங்கேதான் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒலியைக் கூட்டிக் குறைத்து, ஒவ்வொரு முறையும் "கேட்டுதா?" என்று அவர் கேட்ட விதத்தில், கேட்காத ஒலிகளுக்கும் நான் தலையாட்டினேன். என் செவித்திறன் ஒரு வௌவாலுக்கு இணையானது என்று முடிவு வந்தது. பிறகு அவரே சிரித்துவிட்டு, "பொய் சொல்லாதிய சார், மறுபடியும் பண்ணுவோம்" என்றார். நாற்பத்து மூன்று வயதில், தரகர்களே நம்பிக்கை இழந்த நிலையில், என் ஊமைக் காதல் இப்படி ஒரு செவிப் பரிசோதனையில் தொடங்கியது.

மூட்டம் வந்த பிறகு நாங்கள் தினமும் பேசினோம். மீன் விலை, அவர் தம்பியின் கோபம், என் மேடம். ஒரு நாள் எழுதினார்:

"மஸ்கட்டுல ஒரு ஆஸ்பத்திரியில வேலை கெடைச்சிருக்கு. அஞ்சு வருஷ ஒப்பந்தம். மாசக் கடைசிக்குள்ள கையெழுத்துப் போடணும். போகவும் மனசில்ல, இங்க இருக்கதுக்குக் காரணமும் இல்ல. லிஃப்ட்டுல யார்கிட்டயும் வாய் விட்டுராதிய. நான் தயங்குறேன்னு காதுல விழுந்தா வேலைய வேற ஆளுக்குக் குடுத்திருவாவ."

இருக்கக் காரணம் இல்லை என்கிறார். காரணம் இரண்டாவது மாடியில் லுங்கியோடு உட்கார்ந்திருந்தது.

நான் பதில் எழுத யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் மூட்டத்தின் புதிய பதிப்பு வந்தது. மறுநாள் காலை கோதண்டம் சாரிடமிருந்து பதினோரு அறிவிப்புகள் வந்தன. இன்று தண்ணீர் வராது. இன்று தண்ணீர் இரண்டு மடங்கு வரும். தொட்டியில் பூனை விழுந்துவிட்டது. பூனை விழவில்லை, யாரும் வதந்தி பரப்ப வேண்டாம். எல்லாமே கோதண்டம் சார் பேசுவது போலவே, 'அன்பார்ந்த குடியிருப்போரே' என்று தொடங்கின. மூன்றாவது மாடி கரீம் பாய்க்கு, பிரசவத்துக்குச் சேர்ந்திருந்த மகளிடமிருந்து வந்த செய்தி இன்னும் மோசம். பெண் குழந்தை, ஆண் குழந்தை, இரட்டை, இன்னும் வலியே வரவில்லை என்று பதினொன்று. மனிதர் எதற்கும் இருக்கட்டும் என்று எல்லோருக்கும் லட்டு கொடுத்துவிட்டு, என்ன குழந்தை என்று கண்ணால் பார்க்க வேலூருக்குப் பஸ் ஏறினார். போகும்போது என்னைப் பார்த்து, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் தம்பி" என்றார். அந்த லட்டு எனக்கு இறங்கவில்லை.

மூட்டத்தைச் செய்த நிறுவனத்துக்குப் போன் செய்தேன். தலைவரே எடுத்தார். தீர்த்தகிரி என்று பெயர்.

"கதவைச்சாத்து சாரா! உங்களாலதான் சார் நாங்க இன்னைக்கு இந்த நிலைமையில இருக்கோம்."

"நாங்களும் உங்களாலதான் இந்த நிலைமையில இருக்கோம். ஒருத்தர் ஒரு செய்தி அனுப்பினா பதினொண்ணு வருதே, என்னங்க அது?"

"அதான் சார் நம்ம சிறப்பே. ஒரு நிஜத்தோட பத்து நிழலையும் சேத்து அனுப்புவோம். நிழல்னா, அவங்க பேசுற மாதிரியே நம்ம எந்திரம் எழுதுற பொய். நடுவுல ஒட்டுக்கேக்கிறவன் பதினொண்ணையும் பாப்பான், எது நிஜம்னு தலையப் பிச்சுக்குவான்."

"அது பழைய பதிப்புலயும் இருந்துச்சே. ஆனா எங்களுக்கு நிஜம் மட்டும்தானே தெரிஞ்சுது?"

"ஆமா சார், நிஜத்துக்கு மட்டும் ஒரு ரகசிய அடையாளம் வச்சிருந்தோம். வாங்குறவங்க போன் அதை வச்சு நிழலைச் சலிச்சுடும். ஆனா அந்த அடையாளம் இருக்கிற வரைக்கும் என்னைக்காவது ஒருத்தன் திருடலாம் இல்ல? அதான் எடுத்துட்டோம்."

"எடுத்துட்டா வாங்குறவங்களுக்கே எது நிஜம்னு தெரியாதே!"

"சார்." குரலைத் தாழ்த்தினார், குழந்தைக்குப் புரியவைப்பவர் போல. "உலகத்துல இதுவரைக்கும் ரகசியம் எங்கருந்து கசிஞ்சிருக்கு? கேட்டவங்ககிட்டருந்துதானே? வாங்குறவங்கதான் சார் பெரிய ஓட்டை. அதை அடைச்சுட்டோம். இப்ப அனுப்பினவர் என்னைக்கு வேணாலும் 'அது நான் சொன்னதில்ல, நிழல்'னு சொல்லிக்கலாம். கோர்ட்டுலகூட நிக்காது."

"இதை யாராவது சோதிச்சுப் பாத்தீங்களா?"

"நீங்க அஞ்சு பூட்டு குடுத்திருந்தீங்களே சார்? நீங்க சோதிச்சிருப்பீங்கன்னு நாங்க விட்டுட்டோம்."

போனை வைத்தபோது எனக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் நிபுணன், இந்தக் கேடுகெட்ட செயலியைப் பற்றி உடனே உண்மையை எழுது என்றான். இன்னொருவன் காதலன், அனுப்பினவர் என்றைக்கு வேண்டுமானாலும் நான் சொன்னதில்லை என்று சொல்லிக்கொள்ளலாமாமே என்று கண்களை அகலத் திறந்தான். நான் எதற்குப் பயந்து இத்தனை நாள் வாய் மூடி இருந்தேனோ, அதற்கு மருந்து கிடைத்துவிட்டது. கேட்டுவிடலாம். மறுத்தால், ஐயோ அது நிழல் என்று சிரித்துவிடலாம்.

இரண்டாமவன் வென்றான். அன்று மாலையே பியூலாவுக்கு எழுதினேன்: "மஸ்கட்டில் வெயில் அதிகம் என்கிறார்கள். இங்கேயும் அதிகம்தான். இருந்தாலும் இரண்டு வெயில்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது, தெரிந்த வெயிலில், தெரிந்த ஒருவரோடு இருப்பது ஒரு விதத்தில் பரிசீலிக்கத்தக்கது என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்."

அனுப்பியதும் அதனோடு போன பத்து நிழல்களும் என் திரையில் தெரிந்தன. நாலாவது நிழல் இப்படி இருந்தது: "பியூலா, போகாதீங்க. என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?"

என்னைப் போலப் பேசக் கற்ற எந்திரம், நான் பேச முடியாததைப் பேசியிருந்தது. நான் வெட்கத்தில் மின்விசிறியை அணைத்தேன்.

பதில் மறுநாள் வந்தது. பதினொன்று.

"யோசிச்சுச் சொல்லுதேன்." "எனக்குச் சரி." "உங்களக் கண்டாலே எரிச்சலாக்கும்." "எனக்க தம்பிகிட்டப் பேசுங்க." "நீங்க நல்ல மனுசன், ஆனா நான் அப்படி நெனைக்கல." "லிஃப்ட்டுல வச்சு சத்தமா கேளுங்க." "அயிலை மீன் வாங்கி வச்சிருக்கேன், வாறியளா?" "மஸ்கட்டுல வெயில் ஒண்ணும் அவ்வளவு இல்ல." மீதி மூன்றும் தண்ணீர் மோட்டார் பற்றியவை.

ஒரு வாரம் நான் சாப்பிட்டதும் தூங்கியதும் இந்தப் பதினொன்றோடுதான். எரிச்சல் என்றதை முதலில் நம்பினேன், எனக்குப் பொருந்தியது. பிறகு சரி என்றதை ஒரு மதியம் முழுக்க நம்பி, புதுச் சட்டை வாங்கிவிட்டேன். மோட்டார் செய்திகளில் ஏதாவது சங்கேதம் இருக்குமோ என்று மொட்டைமாடி வரை போய்ப் பார்த்தேன். சங்கேதம் இல்லை. தொட்டி உண்மையாகவே வழிந்துகொண்டிருந்தது. லிஃப்ட் பற்றியதை மட்டும் பார்த்தவுடனேயே தள்ளிவிட்டேன். மஸ்கட் வேலைக்காக மூச்சைக்கூட அடக்கி வைத்திருப்பவர், லிஃப்டில் வைத்துக் கேள் என்று எழுதுவாரா? எந்திரத்துக்குப் புத்தி மட்டு என்று சிரித்துக்கொண்டேன்.

நேரில் போய்க் கேட்டிருக்கலாமே என்பீர்கள். நாலு மாடி ஏற வேண்டும்.

மாதக் கடைசிக்கு முந்தைய நாள் மாலை, வேலை முடிந்து வந்து லிஃப்டில் ஏறினேன். உள்ளே பியூலா நின்றிருந்தார். என் பின்னாலேயே கோதண்டம் சார், கையில் கறிவேப்பிலைக் கட்டோடு நுழைந்தார். அவருக்கு ஐந்தாவது மாடி. வழக்கம்போல மூவரும் புன்னகைத்தோம். கதவு மூடியது.

"ரங்கம் சார், ஒண்ணு கேக்கட்டா?" என்றார் பியூலா. சத்தமாக.

கோதண்டம் சாரின் கறிவேப்பிலை நடுங்கியது. கூரையில் இருந்த காதைக் கண்ணால் காட்டி, உதட்டில் விரலை வைத்தார்.

"அந்த மூட்டத்த நம்பலாமா?"

எனக்கு விசாலாட்சி மேடத்தின் கண்ணாடி நினைவுக்கு வந்தது. வாய் தானாகத் திறந்து, எங்கள் தளத்தில் எழுதும் தமிழில் பேசியது. "அது பயன்படுத்துறவங்களோட தேவையைப் பொறுத்தது. உங்களுக்கு எந்த வகையான ஆபத்துன்னு முதல்ல வரையறுத்துக்கணும். ஒவ்வொரு செயலிக்கும் சாதகம் பாதகம்னு..."

"நம்பலாமா? நம்பக் கூடாதா?"

இரண்டாவது மாடி வந்தது. கதவு திறந்தது. என் வீடு தெரிந்தது, வாசலில் என் செருப்பு தெரிந்தது. பியூலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இறங்கவில்லை. கதவு மூடியது.

"நம்பக் கூடாது" என்றேன். "நான் அதைச் சோதிக்கவே இல்ல. பஜ்ஜி சாப்பிட்ட கையால தெரியாம அழுத்திட்டேன். அஞ்சு பூட்டும் சும்மா. நாலு நல்ல வரியும் யாரும் எழுதல."

"அடப்பாவி!" என்றார் கோதண்டம் சார். தாமும் வாய்விட்டுப் பேசிவிட்டதை உணர்ந்து கறிவேப்பிலையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

லிஃப்டின் திரை விழித்துக்கொண்டது. முதலில் ஒரு பஜ்ஜிக் கடை. அடுத்து வேறு நாலு செயலிகள். அதற்கடுத்து, 'வேலை தேடுகிறீர்களா?' என்று ஒரு விளம்பரம். என் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. விசாலாட்சி மேடத்திடமிருந்து பதினொரு செய்திகள். பத்து என்னைப் பாராட்டின. பதினொன்றாவதுதான் மேடம் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

"வேலை போச்சா?" என்றார் பியூலா.

"போச்சு."

"நான் லிஃப்ட்டுல வச்சுக் கேக்கச் சொன்னது அன்னைக்கே. நாலஞ்சு நாளா நீங்க வாற நேரம் பாத்து மேலயும் கீழயும் போயிட்டு இருக்கேன். நீங்க என்னடான்னா படியேறிப் போறிய."

"அதுதான் நிஜமா? அதைத்தான் நான் முதல்ல தள்ளினேன்!"

"தள்ளியிருப்பியன்னு தெரியும்."

"என்னோட பதினொண்ணுல எது நான்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"மத்த பத்தும் படிச்ச ஒடனே புரிஞ்சுது. ஒண்ணு மட்டும் மூணு தடவ படிச்சும் புரியல, வெயிலு வெயிலுன்னு இருந்துது. நீங்களாத்தான் இருக்கணும்னு நெனச்சேன்."

"அப்ப அதுலயே ஒரு பதில் சொல்லியிருக்கலாமே பியூலா? இங்க பேசினா உங்க வேலை..."

"சொல்லியிருக்கலாம். நாளைக்கு அது நிழலாக்கும்னு நீங்களும் சொல்லலாம், நானும் சொல்லலாம்." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "அப்படிப்பட்ட பதில வச்சுக்கிட்டு ஒரு மனுசி எப்படி சார் ஊர்ல இருக்கது? பொறவு இல்லன்னு சொல்ல முடியாத எடத்துல கேளுங்க."

ஐந்தாவது மாடி வந்தது. கதவு திறந்தது. கோதண்டம் சார் நகரவில்லை. "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று முணுமுணுத்து, அவரே பொத்தானை அழுத்திக் கதவை மூடினார்.

வெயில் என்ற சொல் நாக்கின் நுனி வரை வந்தது. அதை விழுங்கினேன். என் நாலாவது நிழல் எழுதியிருந்ததை அப்படியே திருடினேன்.

"பியூலா, போகாதீங்க. என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?"

திரையில் திருமண மண்டபங்கள் வந்தன. நாதஸ்வரம் ஒலித்தது. பட்டுச்சேலை, பந்தி, வாடகைக் குதிரை என்று மாறி மாறி வந்து, கடைசியில் ஓரமாக ஒரு சிறிய கட்டம், 'மஸ்கட் பயணத்தை ரத்து செய்கிறீர்களா?' என்று கேட்டது. பியூலா அதை ஒரு கணம் பார்த்தார். ஐந்து வருடத்தை அந்தச் சின்னக் கட்டத்துக்குள் பார்ப்பது போல இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பாமல், கூரையில் இருந்த காதை நோக்கி முகத்தை உயர்த்தி, செவி மந்தமானவர்களிடம் பேசுவது போல ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்.

"சம்மதம். நான் மஸ்கட்டுக்குப் போகல. கேட்டுதா?"